ஒரு சுளகு தவிடு

நான் உன்னைப் பராமரிக்கவில்லை, வினோஜா. பராமரிக்கிறது கிணற்றை. வருசத்துக்கு ஒருதரம் இறைத்து, சேறு அள்ளி, கப்பிக்கு எண்ணெய் விட்டுவிட்டு மற்ற நாட்களில் மறந்துபோய் இருக்கலாம். உன்னை நான் ஒருநாளும் மறந்துபோய் இருந்ததில்லை.

இதைச் சொல்லாமல், மகாதேவி கைப்பேசியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, அதில் இருந்த அழைப்பிதழின் மாதிரியை இன்னொரு முறை வாசித்தாள். இளஞ்சிவப்புப் பின்னணி, நாலு மூலையிலும் மயில். நடுவில் ரொறன்ரோவில் எடுத்த, வினோஜாவின் மகள் சாருஜாவின் படம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு யாரோ உதட்டுச் சாயம் பூசியிருந்தார்கள். அதன் கீழே, 'அன்பு அம்மம்மா திருமதி நடராசா பாலேஸ்வரியின் ஆசியுடனும், தாயாரைப் பராமரித்த திருமதி செல்வரட்ணம் மகாதேவியின் வாழ்த்துடனும்' என்று இருந்தது.

"என்ன மாமி, பிழை கிடக்கோ?" கோபிசங்கர் விறாந்தைக் கதிரையின் நுனியில் இருந்தான். பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரியின் மகன். வினோஜாவுக்கு ஒரு வயது இளைய தம்பி. வங்கியில் வேலை. அக்கா குடும்பம் கனடாவிலிருந்து வந்து இறங்கிய நாள் முதல், பெரிய பிள்ளையான மருமகளின் சாமத்தியச் சடங்குக்கு மண்டபம், சோடனை, சாப்பாடு என்று ஓடிக்கொண்டிருந்தான்.

"மண்டபத்தின்ரை பேரிலை ஒரு எழுத்துக்கு மேலை குற்று விட்டுப்போச்சு. மற்றும்படி சரி."

"அது கிடக்கட்டும். உங்கடை வரி எப்பிடி? தேவியம்மாவின்ரை பேர் இல்லாமல் காட் அடிக்கக்கூடாது எண்டு அக்கா சொல்லிப்போட்டா. முதல் நான் 'வளர்ப்புத் தாய்' எண்டுதான் போட்டனான். அம்மா பாத்திட்டு, 'அப்ப நான் ஆர், பெத்துப் போட்டிட்டு ஓடினவளோ' எண்டு ஒரு பாட்டம் ஏசினா."

"ஏசுவா தானே."

"பேந்து போனிலை தட்டிப் பாத்தன் மாமி. வளர்த்தல் எண்டதுக்கு ஒரு கோர்வை சொல்லு வருது. போஷித்தல்..."

"அது கோழித்தீன் பையிலை இருக்கிற சொல்லு."

"காட் அடிக்கிற றமேசும் அதைத்தான் சொன்னவன். ஓம்புதல்?"

"விருந்தை ஓம்புறது. நான் என்ன அவளுக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பினனானே?"

"புரத்தல்?"

"அது ராசாமார் செய்யிறது தம்பி. எனக்குக் குடையும் இல்லை, குதிரையும் இல்லை."

கோபி சிரித்தான். "முப்பத்து நாலு வருசம் தமிழ் படிப்பிச்ச ரீச்சர் நீங்கள். உங்களுக்கே ஒரு சொல்லுப் பொருந்தேல்லை எண்டால், கவுண்டரிலை காசு எண்ணுற நான் எங்கை போக?"

"சும்மா பேரை மட்டும் போடு."

"பேரை மட்டும் போட்டால் சனம் கேக்கும், ஆர் உந்த மகாதேவி, மண்டபக்காரரின்ரை மனிசியோ எண்டு."

இருவருமே சிரித்தார்கள். அவன் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழும்பினான். படியில் இறங்கியவன் நின்றான். செருப்பைச் சரியாக மாட்டுவதுபோல் குனிந்துகொண்டு சொன்னான்:

"மாமி, நாளைக்குக் காலமை அம்மா வருவா. அந்தத் தவிட்டு அலுவல்."

"என்ன தவிட்டு அலுவல்?"

"அக்காவை இன்னும் திருப்பி வாங்கேல்லையாம். பேத்தியின்ரை சடங்குக்கு முன்னம் மீட்டுப்போட வேணும் எண்டு நிக்கிறா. சுன்னாகத்திலை தவிடும் வாங்கியாச்சு, நான்தான் மோட்டச்சைக்கிளிலை வச்சுக் கொண்டந்தனான். கடைக்காரன் கேக்கிறான், மாட்டுக்கோ எண்டு. இல்லை, அக்காவுக்கு எண்டு சொல்ல வாய் உன்னினது." அவன் நிமிர்ந்தான். "ஒரு சடங்குதானே மாமி. ஐஞ்சு நிமிச வேலை."

மதிலில் இருந்த சின்ன இரும்புக் கதவு சாத்துப்படும் சத்தம் கேட்டது. முன்பு அந்த இடத்தில் கிளுவை வேலியும், வேலியில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு பொட்டும் இருந்தன. கனடாக் காசில் மதில் எழும்பியபோது, பொட்டு இருந்த இடத்தில் ஒரு கதவு விடவேண்டும் என்று வினோஜா தொலைபேசியில் ஒற்றைக்காலில் நின்றாள்.

ஐந்து நிமிச வேலை. மகாதேவி அந்தக் கதிரையிலேயே இருந்தாள். வாங்கியதும் ஐந்து நிமிசத்தில்தான்.

எண்பத்து நாலாம் ஆண்டு ஆவணி மாதம். பாலேஸ்வரிக்கு முன்னர் பிறந்த இரண்டு பிள்ளைகளும் முப்பத்தோராம் நாள் வருவதற்கு முன்னரே போய்விட்டன. மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தது. அப்படியான வீடுகளில் பிறந்த பிள்ளையை வேறொருத்திக்கு விற்றுவிடுவார்கள். விலை, ஒரு சுளகு தவிடு. இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, தவிட்டுக்குப் போன, ஒரு பெறுமதியும் இல்லாத பிள்ளை என்று காட்டிவிட்டால், முன்னிரண்டையும் கொண்டுபோனது இதைத் திரும்பிப் பார்க்காது என்பது நம்பிக்கை. வாங்கியவள் பிள்ளையைப் பெற்றவளின் கையிலேயே திரும்பக் கொடுத்து, 'இது என்ரை பிள்ளை, நீ வளர்த்துத் தா' என்று சொல்லவேண்டும். மூன்று வயது முடிந்து, பிள்ளை தப்பிவிட்டது என்று தெரிந்த பிறகு, பெற்றவர்கள் இரட்டைத் தவிடும் ஒரு சீலையும் கொடுத்து மீட்டுக்கொள்வார்கள்.

வழக்கமாக வாங்குகிறவள் நாலைந்து பிள்ளைகளைத் தக்கவைத்துக்கொண்ட தாயாக இருப்பாள். மகாதேவிக்கு அப்போது இருபத்தைந்து வயது. கலியாணம் முடித்து நாலு வருடம்; பிள்ளை இல்லை. நடராசாவின் தமக்கை முற்றத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னாள்:

"பண்டத்தரிப்பிலை வேறை ஆளே இல்லையோ? போயும் போயும் மலடியின்ரை கையிலையோ குடுக்கிறது?"

உள்ளே கட்டிலில் கிடந்த பாலேஸ்வரியின் குரல் அவ்வளவு நலிந்திருந்தும் வெளியே வந்தது. "மச்சாள், அவளின்ரை கிணத்தடி வாழையைப் பாத்தனீங்களோ? பட்டதைக்கூட எழுப்பிப்போடுவாள். நான் அவளிட்டைத்தான் குடுப்பன்."

அந்தக் குரலை மகாதேவி நாற்பத்தொரு வருடம் மறக்கவில்லை. அதற்குப் பிறகு பாலேஸ்வரி எத்தனையோ சொல்லியிருக்கிறாள். பிள்ளையின் தலையில் எண்ணெய் இல்லை என்று, எதிர்த்துக் கதைக்கக் கற்றுக்கொடுத்துக் கெடுக்கிறாய் என்று, ஒருமுறை கோபத்தில் இதைவிட மோசமாகவும். ஒவ்வொரு தடவையும் மகாதேவி அந்த முதல் வசனத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். கோபம் ஆறிவிடும்.

தவிட்டைக் கொண்டுவந்தது அவள் கணவன் செல்வரட்ணம். தபால்காரன். கடிதப் பை தொங்குகிற அதே சைக்கிளில், மில்லிலிருந்து தவிட்டுப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு வந்தான். சுளகில் தவிட்டைப் பரப்பி, பாலேஸ்வரியின் காலடியில் வைத்து, பிள்ளையை வாங்கிக்கொண்டபோது, எட்டிப் பார்த்துச் சொன்னான்: "முத்திரை ஒட்டாமல் வந்த பார்சல்." பிள்ளைக்கு அப்போது ஒரு கோழிக்குஞ்சின் சூடுதான் இருந்தது. மகாதேவி சொல்லவேண்டியதைச் சொன்னாள். இது என்ரை பிள்ளை. சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. நீ வளர்த்துத் தா.

அந்த வழக்கத்தின்படி பார்த்தால், பிள்ளை மகாதேவியுடையது. வளர்க்க ஏற்றுக்கொண்டவள் பாலேஸ்வரி. கோபி தேடித் திரிகிற 'வளர்ப்புத் தாய்' அவனுடைய தாயின் பெயருக்கு முன்னால்தான் வரவேண்டும். அதை இப்போது நினைக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதை அவனிடம் சொல்லியிருந்தால் பக்கத்து வீட்டில் இரண்டு நாளைக்கு அடுப்பு எரிந்திருக்காது.

ஆனால் வளர்த்துக் கொடுக்கப் பாலேஸ்வரிக்கு உடம்பு இடம் தரவில்லை. பிரசவத்தோடு வந்த பிள்ளைக்காய்ச்சல் அவளை நாலு மாதம் பாயோடு வைத்திருந்தது. எழும்பி நடந்தபோது கோபி வயிற்றில் வந்துவிட்டான். அதனால் விடிந்தால் பிள்ளை பொட்டுக்குள்ளால் இந்தப் பக்கம் வரும். பின்னேரம் அந்தப் பக்கம் போகும். பிறகு பின்னேரங்களிலும் போகாமல் விட்டது. மூன்று வயது முடிய, அந்த ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் வைத்து மீட்பதென்று நாள் வைத்திருந்தார்கள். அந்த வாரம்தான் இந்திய ஆமியோடு சண்டை தொடங்கியது. எல்லோரும் கோயிலுக்குத்தான் போனார்கள், ஆனால் மீட்க இல்லை; குண்டுக்குப் பயந்து மண்டபத்தில் படுக்க. திரும்பி வந்தபோது வைத்திருந்த தவிட்டை எலி தின்றிருந்தது. அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் அதைப் பற்றி யாருமே கதைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் 'தவிட்டுப் பிள்ளை' என்று பகிடி பண்ணினால், வினோஜா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஓம், நான் விலை குடுத்து வாங்கின ஆள். உங்களையெல்லாம் சும்மா குடுத்தாலும் ஆர் எடுப்பினம்?" என்பாள்.

மகாதேவி எழும்பி உள்ளே போய் அலுமாரியைத் திறந்தாள். பழைய அகராதி மேல்தட்டில் இருந்தது. எடுக்கவில்லை, அதில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வளர்த்தல், பேணல், ஓம்பல், புரத்தல், போற்றல், காத்தல். முப்பத்து நாலு வருடம் கரும்பலகையில் இவற்றை ஒரே வரியில் எழுதி, எல்லாம் ஒரே கருத்து என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாள். சோதனைக்கு அது போதும். அந்த வரியில் எழுதாத ஒரு சொல்தான் அவளுக்கு எப்போதும் முதலில் வரும். தீத்துதல். சோற்றைக் குழைத்து, சூடு பார்த்து, விரல் நுனியால் வாய்க்குள் வைப்பது. வினோஜாவுக்கு முதல் சோறு தீத்தியது அவள்தான். பிள்ளை துப்பியது. திரும்பத் தீத்தினாள். அதையும் துப்பியது. மூன்றாவது தடவை விழுங்கிவிட்டு, ஏமாற்றப்பட்டதைப் போல அவளைப் பார்த்தது. அந்தப் பார்வையை எந்தச் சொல்லுக்குக் கீழே எழுதுவது?

ஊர் வேறொரு விதமாகச் சொல்லிவந்தது. வினோஜா மதில் ஏறி மாங்காய் பிடுங்கினால், "மகாதேவி ரீச்சரின்ரை வளர்ப்பு." கணக்கில் நூற்றுக்கு நூறு எடுத்தால், "நடராசாவின்ரை மகளெல்லோ."

ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, அனுமதிப் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தது மகாதேவிதான். அப்போதும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிப்பித்தாள். 'தாயின் பெயர்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனை நிற்கவில்லை. பாலேஸ்வரி என்று வடிவான எழுத்தில் எழுதினாள். எழுதி முடிந்து, மை காய ஊதினாள்.

தொண்ணூற்றைந்தில், இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. கைதடி வெளியில், மழைக்குள், வினோஜா அவளுடைய சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பதினொரு வயது. இருந்தாற்போல் தலைப்பு இலேசானது. திரும்பிப் பார்த்தால் பிள்ளை, பின்னால் தடுமாறி வந்த பாலேஸ்வரியின் கையைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தது. மகாதேவிக்கு அப்போது நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது. அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறாள்.

கொடிகாமத்தில் ஒரு தென்னந்தோட்டத்துக் கொட்டிலில் இரண்டு குடும்பமும் ஒன்றாக இருந்தார்கள். அங்கே ஒருநாள் மத்தியானம், பாலேஸ்வரி நிவாரண வரிசையில் நின்றபோது, வினோஜா வந்து அவளுடைய காதுக்குள் சொன்னாள், தான் பெரிய பிள்ளையாகிவிட்டதை. மகாதேவி அவளைக் கட்டிப்பிடித்தாள். உச்சியில் முகர்ந்தாள். பிறகு தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா வந்தோண்ணை அம்மாட்டைச் சொல்லு. என்னட்டைச் சொன்னதாய்ச் சொல்லாதை. நீ முதல் சொன்னது அவவுக்குத்தான்." பாலேஸ்வரி பருப்புப் பையோடு வந்து, செய்தி கேட்டு, கொட்டில் வாசலில் நின்று குரல் உடைந்து, "தேவீ, எங்கடை பிள்ளை..." என்று கூப்பிட்டபோது, மகாதேவி அப்போதுதான் கேட்கிறவள்போல் ஓடிவந்தாள். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் தேடி அந்த ஊரில் பதினேழு வீடு ஏறி இறங்கினாள்.

கலியாணத்தில் நடராசாவும் பாலேஸ்வரியும் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். மகாதேவி, அதற்குள் தனியாளாகிவிட்டவள், பின்னால் நின்று தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுத்தாள். விமான நிலையத்துக்குப் போன வான் வண்டியில் ஓராள் கூடிவிட்டது என்றபோது இறங்கிக்கொண்டாள். ஒன்றிலும் அவளுக்குக் குறையில்லை. கொடுக்கக் கொடுக்க, கையில் என்ன இருந்தது என்பது அவளுக்கு இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

விளக்கு வைக்கிற மைமல் பொழுதில் வினோஜா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாற்பத்தொரு வயது, இரண்டு காதுக்குப் பின்னாலும் நரை. கணவன் சுபாஸ்கரனோடு யாழ்ப்பாணம் போய்ச் சீலைக்கடைகளில் அலைந்த களைப்பு. நேரே குசினிக்குள் வந்து, பலகைக் கட்டையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"தேவியம்மா, பிட்டு இருக்கோ?"

"கடையிலை ஒண்டும் சாப்பிடேல்லையே?"

"சுபாஸ்கரன் கூப்பிட்டவர். நான் பசிக்கேல்லை எண்டனான். இஞ்சை வந்து சாப்பிடலாம் எண்டு." பிட்டையும் வாழைப்பழத்தையும் பிசைந்தபடி சிரித்தாள். "அம்மாட்டைச் சொல்லாதையுங்கோ. அங்கையும் சட்டியோடை வைச்சுக்கொண்டு இருக்கிறா."

மகாதேவி அவளுக்கு எதிரே சுவரில் சாய்ந்து நின்றாள். பிள்ளை இன்னும் முதல் வாயைப் பெரிதாக வைத்து, அதை விழுங்க முன்னர் அடுத்ததை உருட்டுகிறது. கனடாவில் பதினைந்து வருடம் இருந்தும் அது மாறவில்லை.

"தம்பி சொன்னவனே? தவிட்டுக் கதை."

"சொன்னவன்."

"அம்மா உதிலை பிடிச்ச பிடியாய் நிக்கிறா." வினோஜா விரலை நக்கினாள். "குடுத்துவிடுங்கோவன் தேவியம்மா. அவ சந்தோசப்படட்டும். வயசும் போச்சு. எனக்கு ரெண்டும் ஒண்டுதானே."

மகாதேவி பிட்டு அவித்த நீத்துப்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். "இன்னும் கொஞ்சம் போடட்டே?"

"போடுங்கோ."

எனக்கு ரெண்டும் ஒண்டுதானே. அது அன்போடு சொல்லப்பட்ட சொல். அதில் ஒரு குற்றமும் இல்லை. பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவு காலமும் இரண்டு பேரும் பாடுபட்டார்கள். ஆனாலும் அவள் போனபிறகு, கோப்பையைக் கழுவும்போது மகாதேவிக்குக் கை ஓடவில்லை. ஒன்றாக இருப்பது வினோஜாவுக்கு. பாலேஸ்வரிக்கு ஒன்றில்லை, இருந்தால் தவிடு வாங்கி வைத்திருக்கமாட்டாள். தனக்கும் ஒன்றில்லை. இதை இரண்டு கிழவிகள் மட்டும் அறிந்திருக்கிறோம் என்று நினைத்தபோது, பாலேஸ்வரிமேல் ஒரு நெருக்கம் வந்தது, உலகத்தில் வேறு யார்மேலும் வராதது.

காலையில் பாலேஸ்வரி வந்தாள். முழங்கால் வாதத்தில் ஒரு பக்கம் சாய்ந்த நடை. கதவுக்குள்ளால் முதலில் பை வந்தது, பிறகு அவள். மகாதேவி ஓடிப்போய் பையை வாங்கினாள். பாரமாக இருந்தது.

"பாலேசக்கா, உதைத் தூக்கிக்கொண்டு ஏன்? கோபியிட்டைக் குடுத்துவிட்டிருக்கலாமே."

"அவன் சிரிப்பான். எனக்கு இது சிரிக்கிற அலுவல் இல்லை." கதிரையில் இருந்து, மூச்சு வாங்கினாள். பைக்குள் இருந்து ஒரு சீலையை எடுத்து மடியில் வைத்தாள். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. "பிடிச்சிருக்கோ? நான்தான் போய் எடுத்தனான். நீ மஞ்சள்தானே கட்டுவாய்."

"வடிவாய்க் கிடக்கு."

"வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலிலை வைச்சு முடிப்பம். ஐயரும் தேவையில்லை. நீயும் நானும் பிள்ளையும். சாத்திரியார் சொன்னவர் தேவி, வித்த பிள்ளையின்ரை பிள்ளைக்கு நான் என்னெண்டு அம்மம்மா எண்டு ஆலாத்தி எடுக்கிறது, அது குற்றமாம்."

"எந்தச் சாத்திரியார்?"

பாலேஸ்வரி சீலையின் கரையை விரலால் நீவினாள். "ஒரு சாத்திரியாரும் சொல்லேல்லை. நான்தான்" என்றாள்.

முற்றத்தில் ஒரு கோழி இலைகளைக் கிளறிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"பிளேனாலை இறங்கி வந்தவள், என்ரை முத்தத்திலை சூட்கேசை வைச்சிட்டு, நேரே உன்ரை குசினிக்கு வந்தாள். நான் வாசல்லை செம்போடை நிண்டனான். கால் கழுவ. தெரியுமே உனக்கு?"

"தெரியாது அக்கா."

"நேற்றும் இஞ்சைதானே பிட்டுத் திண்டவள்? எனக்குத் தெரியாது எண்டு நினைக்கிறியள். வாழைப்பழ மணம் வந்தது." அவள் சிரிக்கப் பார்த்தாள், வாய் கோணியது. "உன்னிலை எனக்குக் கோவமில்லை. நீ இல்லாட்டி அவள் இல்லை. அந்த மச்சாள்காரி சாகுமட்டும் நான் அதைத்தான் சொன்னனான். ஆனால் தேவி, நாப்பத்தொரு வருசம் நான் பெத்த பிள்ளை எனக்கு இரவல் மாதிரி. வாங்கி வைச்சிருக்கிற சாமான் மாதிரி. எனக்கெண்டு இருந்தது ஒண்டே ஒண்டு. கொடிகாமத்திலை அவள் பெரிசானதை முதல் முதல் எனக்குத்தான் சொன்னவள். உனக்கு இல்லை, எனக்கு. அதை வைச்சுக்கொண்டுதான் இவ்வளவு காலமும் இருந்திட்டன்."

மகாதேவி தலையைக் குனிந்துகொண்டாள். "ஓம் அக்கா. உங்களுக்குத்தான் முதல் சொன்னவள்" என்றாள்.

"சாக முன்னம் ஒருக்கா, என்ரை எண்டு கையிலை வாங்கவேணும் போலை கிடக்கு. வேறை ஒண்டுமில்லை. நீ ஒரு சொல்லுச் சொன்னால் போதும். உன்ரை பிள்ளையை உன்னட்டைத் தந்திட்டன் எண்டு."

அந்தக் குரலில் எண்பத்து நாலாம் ஆண்டுக் கட்டிலின் நலிவு இருந்தது. சொல்லிவிடலாம். இதுவரை எதற்குத்தான் இல்லையென்றாள்? பதிவேட்டில் பெயரை, கொடிகாமத்தில் கேட்ட முதல் செய்தியை, தாரைச் செம்பை, வான் வண்டியில் இருந்த இடத்தை, எல்லாவற்றையும் கேட்கமுன்னரே எடுத்து நீட்டியவள் அவள். இது அவற்றைவிடச் சின்னது. யாருடைய கண்ணுக்கும் தெரியாதது. ஒரு பை தவிடு.

ஆனால் அவை எல்லாவற்றையும் அவள் எங்கிருந்து கொடுத்தாள்? அது இப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது, சீலையின் மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. தன்னுடைய பிள்ளை என்பதால் கொடுத்தாள். வேறொருத்தியின் பிள்ளையை யாரும் கொடுக்கமுடியாது; ஒப்படைக்கத்தான் முடியும். அவள் இந்தத் தவிட்டை வாங்கிக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்ன நிமிசம், தீத்திய முதல் சோறு தொடங்கி நேற்றைய பிட்டு வரைக்கும் எல்லாம், உரியவள் வந்து எடுக்கும்வரை பத்திரமாகப் பார்த்துக்கொண்டது என்று ஆகிவிடும். கோபி போட்ட 'பராமரித்த' என்ற சொல் சரியாகிவிடும். அவளுடைய வயதில் மனிதர்கள் எத்தனையோ பொருட்களைக் கொடுத்துவிட்டு இலேசாக இருக்கிறார்கள். அவள் இலேசாகிவிட விரும்பவில்லை.

பாலேஸ்வரி அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபத்தெட்டு வயதுக் கண்கள், ஒன்றில் வெண்படலம்.

"என்ன தேவி? வெள்ளிக்கிழமை காலமை எட்டரைக்கு நல்ல நேரம் இருக்கு."

மகாதேவி எழும்பி, அவளுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தாள். பாலேஸ்வரியின் வீங்கிய முழங்காலில் கையை வைத்தாள்.

"அக்கா, சடங்கண்டு முதல் ஆலாத்தி நீங்கள்தான் எடுக்கவேணும். பிள்ளையின்ரை தலையிலை முதல் அறுகும் பாலும் வைக்கிறதும் நீங்கள். நான் பின்னாலை நிப்பன். நிக்கவேண்டாம் எண்டாலும் சரி, வீட்டிலை இருப்பன். அழைப்புக் காட்டிலை என்ரை பேர் இல்லாட்டியும் எனக்கு ஒண்டுமில்லை."

"அது தெரியும் எனக்கு. உன்னைத் தெரியாதே?"

"நாளைக்கு நானே அவளுக்குச் சொல்லுறன், முதல் உங்கடை குசினியிலை சாப்பிட்டிட்டு இஞ்சை வா எண்டு."

"அப்ப வெள்ளிக்கிழமை?"

மகாதேவி பையின் வாயைக் கூட்டிப் பிடித்து, சணல் கயிற்றால் ஒரு முடிச்சுப் போட்டாள். அதைப் பாலேஸ்வரியின் காலடிக்கு மெதுவாகத் தள்ளினாள். சீலையைத் தொடவில்லை.

"இல்லை அக்கா," என்றாள். "அவளை நான் திருப்பி விக்கமாட்டன்."